கிடாருக்கு ஒரு தட்டு

சென்ற ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழை சற்று விட்டிருந்த நேரம். செம்பூரில் என் வீட்டு வாசலில் ஒரு கிடார் வந்து நின்றது. பழைய போர்வையில் சுற்றி, மேலே பெரிய பிளாஸ்டிக் பையை மாட்டி, கைக்குழந்தையைப்போல அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என் நண்பனின் மனைவி. பின்னால் குடையை மடக்கியபடி பையன். பத்தொன்பது வயது. பஞ்சாயத்துக்கு இழுத்து வரப்பட்டவனின் முகம்.

நண்பன் போய் நான்கு வருடமாகிறது. தாராவியில் பிறந்து தாராவியிலேயே இருந்தவன். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப்பு வேலைக்கு வந்த குடும்பம். நாங்கள் இருவரும் மாடுங்காவில் ஒரே காலேஜில் படித்தோம். படித்தோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவன் கிடார் வாசித்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கும் மூன்று கார்டு சொல்லிக்கொடுத்தான். இன்று வரை அந்த மூன்றுதான்.

"நீங்களே பாருங்க அண்ணாச்சி. அவங்க அப்பா கிடாரை என்ன பண்ணி வச்சிருக்கான்னு."

பார்த்தேன். வட்டத் துளைக்குக் கீழே, நரம்புகளை ஒட்டிய பகுதியில் கீறல்கள். பூனை பிறாண்டியதுபோல் அரைவட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக. இரண்டு இடங்களில் வார்னிஷ் போய் மரம் தெரிந்தது.

"கடையில எல்லா கிடார்லயும் அந்த இடத்துல ஒரு பிளாஸ்டிக் தட்டு ஒட்டியிருக்கு. இதுலயும் ஒண்ணு ஒட்டுடான்னா மாட்டேங்கான்."

"தட்டு ஒட்டினா சவுண்ட் செத்துரும் மாமா" என்றான் பையன். "அதோட, அப்பா தட்டு இல்லாமத்தான் வாசிச்சார்."

இதுதான் வழக்கு. தீர்ப்பு சொல்ல வேண்டியது மூன்று கார்டு தெரிந்தவன்.

தட்டு என்று அவர் சொன்னதைக் கிடார்காரர்கள் பிக்கார்டு என்பார்கள். நரம்பைத் தட்டக் கையில் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் வில்லைக்கு பிக் என்று பெயர். அந்த பிக் நரம்பைத் தாண்டிப்போய் மரத்தில் பட்டுவிட்டால் காயம் ஆகாமல் இருக்க ஒட்டுவது பிக்கார்டு. பெரும்பாலும் கண்ணீர்த்துளி வடிவத்தில் இருக்கும். கறுப்பாகவோ, பழுப்பும் மஞ்சளும் கலந்த ஆமை ஓட்டு நிறத்திலோ வரும். அந்த நிறத்துக்கு ஒரு கதை உண்டு. பழைய இத்தாலிய மாண்டலின்களில் துளைக்குப் பக்கத்தில் உண்மையான ஆமை ஓட்டையே பதித்தார்கள். அழுங்காமை என்று நம் கடற்கரைக்காரர்கள் சொல்லும் ஜாதி. அந்த ஓட்டின் சர்வதேச வியாபாரம் 1970களில் தடை செய்யப்பட்டது. அதற்கு வெகு முன்பே செல்லுலாய்டு வந்து ஆமையின் வேலையை எடுத்துக்கொண்டிருந்தது. ஆமை போய்விட்டது, அதன் நிறம் மட்டும் பிளாஸ்டிக்கில் தங்கிவிட்டது.

எல்லாக் கிடாரிலும் தட்டு உண்டு என்று அம்மா சொன்னது முழு உண்மை இல்லை. கிளாஸிக்கல் கிடாரில் தட்டு கிடையாது. நைலான் நரம்பு, விரல் நகத்தால் மீட்டுவார்கள், கை மரத்தின் பக்கமே போகாது. நம் வீணையும் அப்படித்தானே? குடத்தின்மேல் பலகைக்கு யாராவது கவசம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்பெயினில் ஃபிளமெங்கோ வாசிப்பவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் பாட்டின் நடுவே விரலால் பலகையை டக் டக்கென்று தாளமாகத் தட்டுவார்கள். அதற்காகவே மெல்லிய தட்டு ஒட்டியிருக்கும். பார்வைக்குத் தெரியக்கூடாது என்று பல சமயம் கண்ணாடிபோல் இருப்பதை ஒட்டுவார்கள். இந்தக் கண்ணாடித் தட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இரும்பு நரம்பும் பிக்கும் சேர்ந்த பிறகுதான் கிடாருக்குத் தட்டு தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1833 முதல் கிடார் செய்யும் மார்ட்டின் கம்பெனியே சுமார் நூறு வருடம் தட்டில்லாமல்தான் ஓட்டியது. கூட்டத்துக்கு நடுவே பாஞ்சோவோடும் பித்தளை வாத்தியங்களோடும் போட்டி போட்டு உரக்க வாசிக்க வேண்டிய காலம் வந்ததும், 1930 வாக்கில் தட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் அதுவே அலங்காரமாகிவிட்டது. 1960ல் கிப்சன் கம்பெனி வெளியிட்ட ஹம்மிங்பேர்ட் கிடாரில் தட்டின்மேல் ஒரு குருவியும் பூவும் இருக்கும். நல்ல வாத்தியம்தான். தட்டு மட்டும் கல்யாண வீட்டு ஜமக்காளம் மாதிரி எனக்குத் தோன்றும்.

தட்டே ஒட்டாமல் வாசித்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி, வில்லி நெல்சனின் கிடார். அமெரிக்க கன்ட்ரி பாடகர். 1969ல் ஒரு மார்ட்டின் கிளாஸிக்கல் கிடார் வாங்கினார். விரலால் வாசிக்கச் செய்த வாத்தியம், ஆகவே தட்டு கிடையாது. அவர் அதை பிக் வைத்து வாசித்தார். வருடக்கணக்கில், மேடை மேடையாக. மரம் தேய்ந்து, வட்டத் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளையே விழுந்துவிட்டது. அந்தக் கிடாருக்கு 'ட்ரிக்கர்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஆஸ்டின் நகரத்தில் ஒரு கைவினைஞர் அதை அவ்வப்போது பழுது பார்த்துக்கொடுக்கிறார். துளையை மட்டும் அடைப்பதில்லை.

பையனுக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது. மொபைலில் படத்தை எடுத்து அம்மாவிடமே காட்டினான்.

"இந்த ஆளுக்கு வேற கிடார் வாங்கக் காசு இருக்கும்லா" என்றார் அம்மா.

பதில் இல்லை. அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

அடுத்து சவுண்ட் விவகாரம். பையன் சொன்னதில் பாதி விஞ்ஞானம், பாதி கேள்வி ஞானம். கிடாரின் மேற்பலகைதான் அதன் குரல் என்பது சரி. ஒரே துண்டு மரத்தில் செய்த நல்ல கிடாரில் அந்தப் பலகை இரண்டரை, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. ஆனால் பலகை முழுவதும் ஒரே அளவு அதிர்வதில்லை. நரம்புகள் முடியும் பிரிட்ஜைச் சுற்றித்தான் அதிர்வு அதிகம். தட்டு ஒட்டும் இடம் துளைக்குப் பக்கத்தில். அங்கே உள்ளுக்குள் குறுக்குச் சட்டங்கள் கொடுத்து ஏற்கெனவே இறுக்கியிருப்பார்கள். மிருதங்கத்தின் வலந்தலையில் நட்டநடுவே துளி மாவு ஒட்டினால் சுருதியே மாறும், ஓரத்தில் ஒட்டினால் அவ்வளவு தெரியாது. அதே கணக்குத்தான். அரை மில்லிமீட்டர் கனத்தில் சின்னத் தட்டு ஒன்று ஒட்டினால் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நாய்க்காது வேண்டும். கனமான, பாதிப் பலகையை மறைக்கும் தட்டென்றால் வேறு பேச்சு.

அதுவும் இந்தக் கிடாருக்கு இந்தக் கவலையே அதிகம். கல்கத்தாவில் செய்தது. என் நண்பன் 1980களில் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. மேற்பலகை பிளைவுட். நான் துளையின் ஓரத்தில் டார்ச் அடித்துக் காட்டினேன். மூன்று அடுக்கு சாண்ட்விச் மாதிரி தெரிந்தது. பையன் முகம் வாடிவிட்டது. அப்பாவின் கிடார் பிளைவுட் என்பது அவனுக்கு அன்றுதான் தெரியும். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே தோன்றியது.

டார்ச் அடித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. கீறல்களுக்கு அடியில், பலகையின் நிறம் ஓர் இடத்தில் மட்டும் வெளிறியிருந்தது. சாய்த்துப் பார்த்தால் தெளிவான கண்ணீர்த்துளி வடிவம். அதன் விளிம்பில் பழைய கோந்து, பழுப்பாகக் காய்ந்து போயிருந்தது.

மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வெளிச்சம் பட்டுப் பட்டு மரமும் வார்னிஷும் மஞ்சளிக்கும். தட்டுக்கு அடியில் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். ஆக இந்தக் கிடாரிலும் ஒரு காலத்தில் தட்டு இருந்திருக்கிறது. நல்ல நாள் ஒட்டியே இருந்திருக்கிறது. பிறகு போய்விட்டது. நண்பனே எடுத்தானா, அவனுக்கு முன்னால் வைத்திருந்தவர் எடுத்தாரா, அல்லது மும்பை மழைக்காலம் ஒன்றில் ஓரம் தூக்கித் தானாக விழுந்ததா? யாருக்கும் தெரியாது. தட்டு தானாக எழும்புவது சகஜம். மார்ட்டின் கம்பெனிக்கே அந்தத் தலைவலி இருந்தது. வார்னிஷ் அடிக்கும் முன்பே பச்சை மரத்தின்மேல் தட்டை ஒட்டிவிடுவார்கள். வருடங்கள் போகப்போக பிளாஸ்டிக் சுருங்கும், மரத்தையும் சேர்த்து இழுக்கும். பலகையில் நீளமாக விரிசல் விழும். 1980கள் வரை செய்த பல மார்ட்டின் கிடார்களில் இந்த விரிசலைப் பார்க்கலாம். காக்க வந்த கவசமே உடைத்த கதை.

"அப்போ அவங்க வாங்கும்போது தட்டு இருந்துச்சா?" என்றார் நண்பனின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய கிடார் அது. அவர் பார்த்த நாளிலிருந்து தட்டு இல்லை.

வெளிறிய இடத்தின்மேலும் மெல்லிய கீறல்கள் இருந்தன. பழையவை, அழுக்கேறியவை. அவை நண்பனுடையவை. அவற்றுக்கு மேலே, அழுக்கேறாமல், ஆழமாக, பையனுடையவை. நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன். அப்பாவின் கீறலில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பையனின் கீறலில் சிக்கியது.

இந்த நகப் பரீட்சையை வாசகர்களும் செய்து பார்க்கலாம், செலவில்லை. நகம் வழுக்கினால் காயம் வார்னிஷோடு நின்றுவிட்டது, கவலை வேண்டாம், தட்டும் வேண்டாம். சிக்கினால் மரத்துக்குள் இறங்கிவிட்டது. அதிலும் பிளைவுட்டில் மேல் அடுக்கு காகிதம்போல் இருக்கும். அது பெயர்ந்தால் சிலாம்பு சிலாம்பாக வரும்.

"ஒரு பாட்டு வாசிடா" என்றேன்.

1982ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் அந்தக் கிடார் பாட்டை ஆரம்பித்தான். கிடார் தொட்ட எந்தத் தமிழ்ப் பையனும் முதலில் முயல்வது அதுதான். படத்தில் வாசித்தவர் சந்திரசேகர். நண்பனும் மாடுங்கா மரத்தடியில் அதைத்தான் மாதக்கணக்கில் உருட்டினான். நரம்பு நரம்பாக உதிரும் வாசிப்பு. பையனின் கை அடக்கமாக இருந்தது. பிக் மரத்தின் பக்கம் போகவில்லை.

"இது இல்லடா, சர்ச்ல வாசிக்கிறதை வாசி."

அங்கேதான் விஷயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் இருபது பேர் பாடுகிறார்கள், கீபோர்டு இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது. இவனுக்கு மைக் கிடையாது. தான் வாசிப்பது தனக்கே கேட்க வேண்டும் என்று தோளிலிருந்து கையை வீசி அடிக்கிறான். பிக்கும் தடிமன், நாலணா அகலத்துக்குக் கல் மாதிரி ஒன்று. ஒவ்வொரு இறக்கத்திலும் அது கடைசி நரம்பைத் தாண்டி மரத்தில் போய் விழுந்தது. அவன் அப்பா வாசித்த காலத்தில் அந்தக் குழுவில் கிடாரும் ஒரு ஹார்மோனியமும்தான். கை வீச அவசியம் இருந்திருக்காது.

ஆகவே கிடாருக்குத் தட்டு வேண்டுமா என்பதற்குப் பதில் கிடாரில் இல்லை. இந்தக் கைக்கு வேண்டும். மெல்லிய பிக் வாங்கு, மணிக்கட்டிலிருந்து வாசி என்று உபதேசம் செய்யலாம், செய்தேன். பத்தொன்பது வயதுக் கை உபதேசம் கேட்டா ஓடுகிறது?

ஆனால் கறுப்புத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினால் அப்பாவின் கீறல்கள் அடியில் போய்விடும். பையனின் மறுப்பு எல்லாம் உண்மையில் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சவுண்ட் சும்மா சாக்கு.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தோலில் தட்டு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். பெல்ட், பர்ஸ் தைப்பவர். தாராவியில் தோல் பதனிடுவது பெரும்பாலும் போய்விட்டது, தைப்பது இன்னும் இருக்கிறது. நான் சிரிக்கவில்லை. எல்விஸ் பிரெஸ்லி 1950களில் தன் மார்ட்டின் கிடாருக்குப் பெயர் பொறித்த தோல் சட்டையே போட்டிருந்தார். ஆனால் தோல், மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும், பூசணம் பூக்கும். எல்விஸுக்கு ஜூலை மாதத் தாராவி தெரியாது.

அடுத்த வாரம் தோபி தலாவ் போனோம். 1865 முதல் வாத்தியம் விற்கும் ஃபர்டாடோஸ் கடை இருக்கும் வட்டாரம். அங்கே ஒரு சந்தில் கிடார் ரிப்பேர் செய்யும் கோவாக்காரர் ஒருவரை நண்பனின் காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். கிடாரை வாங்கி, கட்டை விரலால் வெளிறிய இடத்தைத் தடவினார். கண்ணாடித் தட்டு போடலாம், அடியில் இருப்பது எல்லாம் தெரியும் என்றார். பையன் நிமிர்ந்தான். ஆனால் இப்போது முடியாது என்றார். மரம் திறந்திருக்கும் இடத்தில் அப்படியே பசைத் தட்டை ஒட்டினால், என்றைக்காவது எடுக்கும்போது நாரோடு வரும். முதலில் பழைய கோந்தைச் சுரண்டி, லேசாக லாக்கர் விட்டு மூட வேண்டும். இந்த ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் பால்போல் வெளுத்துவிடும், அக்டோபரில் வாருங்கள் என்றார்.

தட்டின் விலை சில நூறு ரூபாய். லாக்கர் வேலைக்குக் கூலி தனி. அம்மா பர்ஸை எடுத்தார். அவர் வாங்கவில்லை, வேலை முடிந்து கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார். பழைய கோந்தைச் சுரண்டும்போது கீறல்களைத் தொட வேண்டாம் என்று இந்தியில் இரண்டு முறை சொன்னவர் பையன் இல்லை, அம்மா.

அக்டோபர் வரை எத்தனை ஞாயிற்றுக்கிழமை! பையனால் சும்மா இருக்க முடியாது. அவனுக்கு சர்ச், அவன் அம்மாவுக்குப் படபடப்பு. என் அலமாரியில் 1998ல் எடுத்த முழங்கால் எக்ஸ்ரே ஒன்று கிடந்தது. பிளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டுத் துடைத்தால் மேலிருக்கும் கறுப்பு கழன்றுவிடும், அடியில் இளநீலக் கண்ணாடிபோல் ஃபிலிம் மிஞ்சும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, நானும் பையனும் பாத்ரூமில் அந்த வேலையைச் செய்தோம். வெளிறிய இடத்தின் அளவைக் காகிதத்தில் வரைந்து எடுத்து, அதே கண்ணீர்த்துளியாக வெட்டினான். வார்னிஷ் உரியாத மாஸ்கிங் டேப்பால் ஓரங்களை மட்டும் பிடித்தோம். மரம் திறந்த இடத்தில் டேப் படவில்லை.

சரியாகத் துடைக்காததால் கீழ் ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு மிஞ்சிவிட்டது. உற்றுப் பார்த்தால் என் முட்டிச்சில்லின் விளிம்பு. நண்பனின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, நான்கு வருடத்தில் முதல் முறையாக என் முன்னால் சிரித்தார். ஓரம் தூக்குகிறது என்று போன வாரம் போன் செய்தான் பையன். புது டேப் போடச் சொன்னேன்.